ஏறுவதா, இறங்குவதா? யார் சொல்வதைக் கேட்பது?

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்குச் செல்லும்போது பட்டாசு ஆலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே வேலை அறைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கட்டப்பட்டிருக்கும். ஓர் அறையில் விபத்து நேர்ந்தால் அது அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இடைவெளியே பாதுகாப்பு என்னும் இந்த விதி வானத்துக்கும் பொருந்தும். விமானங்களுக்கு இடையே தக்க இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொள்பவர் தரையிலுள்ள விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். ரேடார் திரையைக் கவனித்தபடி, எந்த விமானம் எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்று வானொலி மூலம் அவர் ஆணையிடுகிறார். ஒரே பாதையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் செல்லும் விமானங்களுக்கு நடுவே பொதுவாக 1000 அடியாவது இருக்க வேண்டும்.

இந்த இடைவெளி குறைந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இரு விமானங்கள் எதிரெதிரே வருகின்றன. அவை ஒன்றையொன்று நெருங்கும் வேகம் மணிக்கு 1800 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு அரை கிலோமீட்டர். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள சுமார் 25 கிலோமீட்டர் தூரம் 50 விநாடிகளில் தீர்ந்துவிடும்!

1996 நவம்பர் 12-ஆம் நாள் அரியானா மாநிலத்தின் சர்க்கி தாத்ரி அருகே இத்தகைய விபரீதம் நேர்ந்தது. தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானத்துக்கு 14,000 அடியும், தில்லிக்கு வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டிருந்தன. பின்னது தன் உயரத்தைவிட்டுக் கீழே இறங்கியது. அன்று தில்லியில் இருந்த ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். இதன்பின் மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது.

'டிகாஸ்' எனப்படும் இக்கருவி எவ்வாறு இயங்குகிறது? சுற்றிலுமுள்ள விமானங்களை நோக்கி ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை ரேடியோ அலையால் கேள்வி கேட்கிறது. அவற்றிலுள்ள கருவிகள் தங்கள் உயரத்தைப் பதிலாக அனுப்புகின்றன. பதில் வந்து சேரும் நேரத்தைக்கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. ஆபத்து நெருங்கினால் முதலில் எச்சரிக்கை எழும். பிறகு, மோதலுக்கு 15 முதல் 35 விநாடிகளுக்கு முன்பாக, 'ஏறு' அல்லது 'இறங்கு' என்று கருவி விமானியிடம் குரல் கொடுக்கும். இரு விமானங்களின் கருவிகளும் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதால், ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் செல்லும்படி கட்டளைகள் அமையும்.

ஆனால் கருவி ஒன்று சொல்ல, கட்டுப்பாட்டாளர் வேறொன்று சொன்னால்? 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் உபர்லிங்கன் அருகே நடந்தது அதுதான். ரஷ்ய விமானத்தைக் கருவி ஏறச் சொன்னது; கட்டுப்பாட்டாளரோ இறங்கச் சொன்னார். கருவி என்ன சொன்னது என்பது அவருக்குத் தெரியாது. அன்றிரவு அவர் தனி ஆளாக இரண்டு இடங்களில் அமர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விமானி அவர் சொற்படி இறங்கினார். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவியின் சொற்படி இறங்கியது. பள்ளி மாணவர்கள் பலர் உட்பட 71 உயிர்கள் பலியாயின.

இப்போது விதி தெளிவாக இருக்கிறது. இருவர் சொல்லும் முரண்பட்டால் விமானி கருவியின் சொல்லையே கேட்க வேண்டும். 'டிகாஸ் கட்டளைப்படி செல்கிறேன்' என்று விமானி அறிவித்ததும், கட்டுப்பாட்டாளர் 'கேட்டேன்' என்று மட்டும் பதில் சொல்வார். ஆபத்து நீங்கியது என்று விமானி தெரிவிக்கும்வரை அந்த விமானத்தின் உயரத்தையோ திசையையோ மாற்ற அவர் ஆணையிடக் கூடாது. அருகிலுள்ள மற்ற விமானங்களுக்குத் தகவல் தரலாம்.

இதற்குக் காரணம் கட்டுப்பாட்டாளரின் திறமைக் குறைவு அன்று. அவருடைய ரேடார் படம் சில விநாடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். அவர் பேச வேண்டும். விமானி அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். இருபது விநாடியே மிஞ்சியுள்ளபோது அதற்கு நேரம் ஏது? அந்த வேளையில் ஆணை பிறப்பிக்காமல் இருப்பதும் அவருடைய கடமைகளுள் ஒன்று.