பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போகும் அம்மாக்களுக்கு



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் தளவானூர் குழுவினர் ஒரு விஷயத்தை எடுத்து வைத்தார்கள். பள்ளியில் தாவரவியல் பூங்காவுக்குக் கல்விச் சுற்றுலா என்று அறிவித்தால் பையன்கள் பேர் முதல் நாளே வந்துவிடுகிறது. ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண் பிள்ளைகளை மட்டும் "யாரு கூட போறாங்க, எப்ப திரும்புவாங்க"ன்னு கேட்டு வீட்டிலேயே நிறுத்தி விடுகிறார்கள். குழுவிலிருந்து நாலு அம்மாக்கள் கூடப் போகிறோம் என்று சொன்ன பிறகுதான் அந்தப் பிள்ளைகளும் பேர் கொடுத்தார்கள். அப்படிக் கூடப் போகிறவர்கள் என்ன செய்யணும் என்று பல பேர் கேட்டதால் இதை எழுதுகிறோம்.

நமக்குப் பக்கத்தில் இரண்டு பூங்காக்கள் இருக்கின்றன. ஒன்று, பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் ஆரம்பித்த புதுச்சேரி தாவரவியல் பூங்கா. இன்னொன்று, 2003-ல் 50 ஏக்கரில் தொடங்கிய ஆரோவில் தாவரவியல் பூங்கா. ஆரோவிலுக்குப் பள்ளி சார்பில் முன்கூட்டியே பேசி நாள் வாங்க வேண்டும். நாங்கள் ஆரோவிலைத்தான் சொல்லுவோம். காரணம், நம்ம கடற்கரைப் பக்கத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை அங்கே வளர்க்கிறார்கள். வெட்டி வெட்டி அந்தக் காடு இப்போது துண்டு துண்டாகத்தான் மிச்சம். கோயில் காடுகளில்தான் கொஞ்சம் பிழைத்திருக்கிறது. மரக்காணம் போகிற வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்த அடர்த்தி தெரியும்.

இனி நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறோம். முதல் தடவை போனபோது ஒரே காலைப் பொழுதில் அறுபது மரத்துக்குப் பேர் சொன்னோம். பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டால் ஒருத்தருக்கும் ஐந்து மரம் கூட ஞாபகம் இல்லை! நோட்டைப் பார்த்த நேரத்துக்கு மரத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்த தடவை எட்டே மரம் போதும் என்று முடிவு செய்தோம். ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம் நின்றோம். பட்டையைத் தடவிப் பார், கீழே விழுந்த இலையைக் கசக்கி மோந்து பார், எறும்பு எங்கே போகுதுன்னு பார். இவ்வளவுதான் பாடம்.

இந்த வேலையில் நம்ம அம்மாக்களை யாரும் மிஞ்ச முடியாது. வெப்பாலைக்குப் பக்கத்தில் நின்றபோது வழிகாட்டி அதன் விஞ்ஞானப் பேரைச் சொன்னார். தளவானூர் அக்கா ஒருவர், "இந்த இலையைத் தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வை, எண்ணெய் ஊதாவா மாறும். தலையில பொடுகுக்குத் தேய்ப்போம்"னு சொன்னார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஊருக்கு வந்ததும் பள்ளி ஜன்னலில் ஒரு பாட்டிலை வைத்துச் செய்தும் பார்த்துவிட்டார்கள். "எனக்குப் படிப்பு இல்லையே, நான் என்ன சொல்லித் தர்றது" என்று தயங்குகிற அக்காக்கள் இதைக் கவனிக்க வேண்டும். காரை, களா, சூரை, நுணா என்று ஆடு மேய்த்த காலத்தில் தெரிந்ததெல்லாம் அங்கே பாடம்தான்.

ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருக்கணும். எதையும் வாயில் வைக்கக் கூடாது, எதையும் ஜோபியில் போடக் கூடாது. எட்டிப் பழம் சின்ன ஆரஞ்சு போலவே இருக்கும். அதன் விதையில் கொடிய விஷம். அரளியும் ஊமத்தையும் அப்படித்தான். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிற குன்றிமணி பார்க்க அழகு, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒரு தடவை நாலாவது படிக்கிற பையன் ஜோபியில் ஒரு கைப்பிடி குன்றிமணி இருந்ததைப் பஸ்ஸில்தான் பார்த்தோம். எங்களுக்குக் கையும் காலும் ஓடவில்லை. நல்லவேளை, அவன் எதையும் தின்னவில்லை. தின்றதாகச் சந்தேகம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்காமல், அந்த விதையையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

பத்துப் பிள்ளைக்கு ஒரு அம்மா என்று கணக்கு வையுங்கள். அந்தப் பத்துப் பேரின் முகமும் பேரும் அவருக்குத் தெரிந்திருக்கணும். பஸ்ஸில் ஏறும்போது, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், கிளம்பும்போது எண்ண வேண்டும். தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். ஏப்ரல், மே வேண்டாம், வெயில் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையும் வேண்டாம். தை, மாசி சரியாக இருக்கும். பையில் நாலு நாப்கின் கட்டாயம். கழிப்பறை எங்கே என்று போனவுடனே விசாரித்துப் பெண் பிள்ளைகளிடம் காட்டிவிடுங்கள். அது தெரியாததால் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணியே குடிக்காமல் வந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பேச இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூணு பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம்ம உறுப்பினர்கள் பலர் அதில் பேர் அளவில் இருக்கிறார்கள். சுற்றுலா தேதி, வண்டி வாடகை, கூட வரும் அம்மாக்கள் பேர் எல்லாம் அங்கே தீர்மானமாக எழுதப்பட வேண்டும். பெற்றோர் கையெழுத்துத் தாளை வாங்க நாமே வீடு வீடாகப் போனால் பெண் பிள்ளைகள் பேர் விடுபடாது.

தளவானூரில் இந்த வருஷம் இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவர் குடைந்த குகைக்கோயில் இருக்கிற மலையடிவாரத்தில், பூங்காவில் பார்த்த எட்டு மரத்தில் எத்தனை இருக்கிறது என்று பிள்ளைகள் தேடப் போகிறார்கள். கூடப் போக இரண்டு அம்மாக்கள் தேவை. வர விருப்பமுள்ளவர்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநரிடம் பேர் கொடுங்கள்.