மலை ஏறிப் போனேன், காவிரியைக் கண்டேன்



எங்கள் சொந்த ஊர் மயிலாடுதுறை பக்கம். அப்பாவின் வேலைக்காக சேலத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்க ஊர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல்தான். கோயில் கோபுரத்தை விட உயரமாக எதையும் நான் பார்த்தது கிடையாது. உங்களுக்கு சேர்வராயன் மலை பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற மலை. அதனால் அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்கு எல்லாமே புதுசு! போன கார்த்திகை மாதம், மலை கிராமத்திலிருந்து வந்து நம் வகுப்பில் படிக்கும் தோழியின் வீட்டுக்கு அம்மா, தம்பியுடன் போனேன். அங்கே எனக்கு வந்த ஐந்து கேள்விகளையும், ஆசிரியர்களிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்ட விடைகளையும் எழுதுகிறேன்.

1. காது ஏன் அடைக்கிறது?

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டியதும் என் காது 'கப்'பென்று அடைத்துக்கொண்டது. பயந்துட்டேன். பக்கத்து சீட்டு அம்மா, "எச்சி முழுங்கு கண்ணு, சரியாயிடும்" என்றார். அதேபோல சரியாகிவிட்டது. காரணம் இதுதான். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். காதுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் உடனே குறையாது. அதனால் செவிப்பறை வெளிப்பக்கம் தள்ளப்படும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் காதையும் தொண்டையையும் இணைக்கும் சின்னக் குழாய் திறந்து இரண்டு பக்கமும் சமமாகிறது.

2. சூரியனுக்குப் பக்கத்தில் போனால் சூடு அதிகமாகத்தானே இருக்கணும்?

இது என் தம்பி கேட்டது. நல்ல கேள்விதான்! சூரியன் இருக்கும் தூரத்துக்கு முன்னால் நம் மலையின் உயரம் ஒன்றுமே இல்லை. மேலும் வெயில் முதலில் சூடாக்குவது தரையை. தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே போகும்போது விரிந்து குளிர்ந்துவிடும். 1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 8 டிகிரி வித்தியாசம் வரும். அந்தக் குளிரில் காற்றில் உள்ள நீராவி துளித்துளியாக மாறுவதுதான் நாம் பார்க்கிற பனிமூட்டம். மதியம் 3 மணிக்கே எதிரில் வந்த பஸ் தெரியவில்லை.

3. காபித் தோட்டத்தில் ஏன் இவ்வளவு பெரிய மரங்கள்?

எங்க ஊரில் வயலில் நிழல் விழுந்தால் தாத்தா கிளையை வெட்டச் சொல்வார். இங்கே நேர்மாறு! காபிச் செடிகளுக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள், அந்த மரங்களில் மிளகுக் கொடி. காபி எத்தியோப்பியா நாட்டுக் காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த செடி. கடும் வெயில் அதற்கு ஆகாது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். சில்வர் ஓக் மரமோ ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. ஒரே தோட்டத்தில் இரண்டு கண்டம்! கோடை மழை பெய்தால் வெள்ளைப் பூ பூக்கும், கார்த்திகை, மார்கழியில் பழம் சிவக்கும். தோழியின் அம்மா அந்தக் குளிரில் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பழமாகப் பறிப்பதைப் பார்த்தேன். பச்சைக் காயை விட்டுவிட்டு சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டுமாம்.

4. மலையாளி என்றால் கேரளாவா?

இல்லை! சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையில் வாழும் ஆட்கள் என்ற பொருளில் அப்படிச் சொல்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலையிலும் இதே மக்கள் இருக்கிறார்கள். என் தோழியிடம் சிலர் "நீ கேரளாவா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். இனிமேல் அப்படிக் கேட்காதீங்க. அவள் நம்மை விட இந்த மண்ணுக்குச் சொந்தக்காரி. வெளியூரிலிருந்து வந்தவள் நான்தான்.

5. மலையில் பெய்த மழை எங்கே போகிறது?

மலை உச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. அது ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மன் யார் தெரியுமா? காவேரி அம்மன்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்க ஊர் காவேரி இந்த உச்சியில் எப்படி என்று கேட்டேன். தோழியின் பாட்டி, "இங்க பேயற மழைதானே கண்ணு அங்க வருது" என்றார்.

பாட்டி சொன்னது புவியியலிலும் சரிதான். திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் சேர்வராயன் மலையில்தான் பிறக்கின்றன. இரண்டுமே மேட்டூர் அணைக்குக் கீழே காவிரியில் சேருகின்றன. மலையின் இன்னொரு பக்கம் பிறக்கும் வாணியாறு தர்மபுரி மாவட்டம் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. மரங்களும் அடியில் மெத்தை போல் கிடக்கும் இலைச்சருகும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மரம் போனால் மழைத்தண்ணீர் ஒரே நாளில் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

ஆனால் சேலம் ஊருக்குள் திருமணிமுத்தாறு எப்படி இருக்கிறது? நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டுகிறோம். பெயரில் மணியும் முத்தும் இருக்கு, தண்ணீரில் சாக்கடைதான் இருக்கு. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அப்படியிருந்தும் மலைப்பாதை ஓரம் கவர்களும் கப்புகளும் கிடந்தன.

எங்கள் தாத்தா ஒவ்வொரு வருடமும் காவிரித் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் முதலில் கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இங்கே நாம் ஆற்றில் போடுவது அங்கே அவர் கையில் போய்ச் சேருகிறது. இதை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன்.

அடுத்த முறை ஏற்காடு போகும் நண்பர்களே, படகில் போங்க, பஜ்ஜி சாப்பிடுங்க, போட்டோ எடுங்க. குப்பையை மட்டும் ஒரு பையில் போட்டுக் கீழே கொண்டுவந்து குப்பைத்தொட்டியில் போடுங்க. மலை கொடுத்த தண்ணீர் சுத்தமாகவே கடல் வரைக்கும் போகட்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி