இறந்தோர் விரிகுடாவுக்கு அப்பால்

டவுன்டவுனில், கி-ஃபாவ்ரோ கட்டிடத்தின் அகதி விசாரணை அறையில், கனடாவுக்குள் எந்த வழியாக வந்தீர் என்ற கேள்விக்கு எம்மிற் பெரும்பாலானோர் ஒரு விமான நிலையத்தையோ அமெரிக்க எல்லைச் சாவடியையோதான் பதிலாகச் சொன்னோம். 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி வந்த 155 பேரின் வழி வேறு. நியூஃபவுண்லாந்தின் தென்கிழக்கு மூலையில், சென்ற் ஷொட்ஸ் என்ற சிற்றூருக்கு வெளியே, மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்தவர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். அவர்களிற் பலர் பின்னர் இந்த நகரிலும் ரொறன்ரோவிலும் குடியேறினார்கள்.

இந்தக் கதை எம்மவரிடையே எத்தனையோ தடவை சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் சொல்லும்போதெல்லாம் அந்தக் கரை ஒரு வெறும் பனித்திரையாகவே வருகிறது. பெயரில்லை, ஊரில்லை, ஆட்களில்லை. எமது வருகைக்கு முன் அங்கு எதுவும் நடக்காதது போல. (கடலோடி வந்தவன் கண்டுபிடித்தான் என்று எழுதப்படும் வரலாறுகளை நாம் எவ்வளவு கடிந்துகொள்கிறோம்!)

அந்தக் கரையின் பெயர்களை வாசித்தாலே பாதி வரலாறு தெரிந்துவிடும். சென்ற் ஷொட்ஸுக்குக் கிழக்கே உள்ள விரிகுடா திறெபாசி. கோஃபி வகுப்பிற் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது சட்டென விளங்கும்: திறெப்பாஸே என்றால் இறந்தோர். பிரான்சின் பிறித்தானிக் கரையிலும் இதே பெயரில் ஒரு விரிகுடா உண்டு. மூழ்கியோரின் ஆவிகள் அங்கு கூடும் என்பது ஐதீகம். மீன்பிடிக்க வந்த பிரெஞ்சுக்காரர் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். ஊரைக் கொண்டுவர முடியாதவர்கள் பெயரைக் கொண்டுவருவது எமக்குப் புதிதல்லவே.

பெயர் பொருத்தமாகவே அமைந்தது. லப்ரடோர் குளிர்நீரோட்டமும் வளைகுடா வெந்நீரோட்டமும் இக்கடலிற் சந்திக்கின்றன; மீன் வளத்துக்கும் மூடுபனிக்கும் இச்சந்திப்பில் பெரும்பங்குண்டு. றேஸ் முனையைச் சுற்றிச் செல்லும் கப்பல்களை இன்னொரு நீரோட்டம் உட்புறமாக, பாறைகளை நோக்கி இழுக்கிறது. 1816 நவம்பர் 10ஆம் திகதி, கியூபெக்கிலிருந்து இலண்டனுக்குப் படைவீரர்களையும் குடும்பங்களையும் ஏற்றிச் சென்ற ஹார்ப்பூனர் என்ற கப்பல் சென்ற் ஷொட்ஸ் பாறைகளில் மோதியது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பலில் இருந்த நாயொன்று கயிற்றோடு கரைக்கு நீந்தியதாகவும், அந்தக் கயிற்றைப் பிடித்தே எஞ்சியோர் தப்பியதாகவும் சொல்வார்கள். எமது படகுகள் கண்டெடுக்கப்பட்ட கடலும் இதுதான்.

இத்தனை கப்பல்கள் உடைந்தால் கதைகள் பிறக்காதா? ஊரார் பொய் விளக்குக் காட்டிக் கப்பல்களைப் பாறைக்கு அழைத்தார்கள் என்றொரு பழி இத்தகைய கரைகளிலெல்லாம் உண்டு. நீரோட்டத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது, மனிதரை ஏற்றலாம். இன்னொரு வகைக் கதை மென்மையானது. காட்டிற் பழம் பறிக்கப் போகிறவரைச் 'சின்ன மனிதர்' எனப்படும் மாயக்காரர் வழிதவறச் செய்வார்களாம். சட்டைப்பையில் ஒரு துண்டுப் பாண் இருந்தால் அண்டமாட்டார்களாம். முனிக்கு அஞ்சி இரும்புத்துண்டோடு இரவில் நடந்த எமது பாட்டன்மாருக்கு இதில் வியப்பிருந்திராது.

1986இலும் ஒரு கதை பிறந்தது, இம்முறை எம்மவர் வாயிலிருந்து. இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள். சில நாட்களில், மேற்கு ஜேர்மனியிலிருந்து ஒரு கப்பல் ஏற்றிவந்து நடுக்கடலில் இறக்கிவிட்டது என்பது வெளிப்பட்டது. பத்திரிகைகள் பொய்யர் என்றன. ஜேர்மனிக்கே திருப்பி அனுப்பப்படுவோம் என்று அஞ்சியவன் எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டவர் குறைவு. இந்தப் பொய்க்காக எம்மவர் சிலர் இன்னும் கூசுவதுண்டு. கூசவேண்டியதில்லை என்பதே என் எண்ணம். பிரதமர் முல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். ஆனால் 1987 யூலையில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர், நோவா ஸ்கோசியாவிற் கரையேறியபோது காற்று மாறிவிட்டது. கடுமையான சட்டங்கள் வந்தன. நாம் டவுன்டவுனில் முகங்கொடுத்த விசாரணைமுறை 1989 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கோடையின் பதற்றமும் அதனுள் இருந்தது.

படகுகளைக் கண்ட கஸ் டோல்ற்றனும் அவரது அயலவரும் யாரென்பதும் இக்கதையில் அடங்கும். 1954க்கும் 1975க்கும் இடையில் நியூஃபவுண்லாந்தில் ஏறத்தாழ 300 சிற்றூர்கள் அரச திட்டத்தின் கீழ் காலிசெய்யப்பட்டன. சிலர் தம் மரவீடுகளையே கடலில் மிதக்கவிட்டு இழுத்துச் சென்றார்கள். எம்மவர் வந்து ஆறாண்டுகளில், 1992 யூலை 2ஆம் திகதி, கொட் மீன்பிடிக்குத் தடை வந்தது. ஏறத்தாழ 30,000 பேரின் வேலை போனது. எம்மைக் கரைசேர்த்த கரையும் ஆட்களை இழந்தது. அகதியையும் இவர்களையும் ஒரே தராசில் வைக்கமுடியாது என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். சரிதான். இவர்களைச் சுட யாரும் வரவில்லை. ஆயினும் 'இடம்பெயர்வு' என்ற சொல்லை அங்கே ஒருவருக்கு விளக்கவேண்டியிராது.

இத்தனையும் எமக்கு இன்று கிடைப்பதற்கு ஒரு காரணம், சென்ற் ஜோன்ஸ் மெமோறியல் பல்கலைக்கழகம் 1968இல் நாட்டார் வழக்காற்றுக் காப்பகம் ஒன்றைத் தொடங்கி, மீனவர் வாய்மொழியை ஒலிநாடாவிற் பதிந்து வைத்ததுதான். எம்மவர் 155 பேரும் முதலிற் தங்கவைக்கப்பட்டதும் அதே பல்கலைக்கழகத்தின் விடுதியில்தான்!

எமது பக்கமும் மறதி குறைவில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி, 89 அடிப் பாய்க்கப்பல், எமது கடலோடிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. நியூஃபவுண்லாந்துத் திட்டுகளில் மீன்பிடித்தவர்களின் துறைமுகம் அது. ஆக, 1986இல் எம்மவர் அத்திலாந்திக்கின் இந்தப் பக்கத்துக்கு முதன்முதலாக வந்தவர்கள் அல்லர்.

படகில் இருபத்தைந்து வயதாயிருந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு யாராவது போவதானால், முகவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று தொடங்கவேண்டாம். அதைப் பொலிஸார் அன்றே கேட்டுவிட்டார்கள். மூடுபனிக்குள் முதலில் என்ன சத்தம் கேட்டது என்று கேளுங்கள்.