பொது வைஃபை உள்நுழைவுச் சிக்கல்கள்

தஞ்சாவூர் சந்திப்பு போன்ற தொடருந்து நிலையங்களில் கைப்பேசி 'ரயில்வயர்' வைஃபையுடன் இணைந்துவிட்டதாகக் காட்டும். ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. பெரும்பாலும் இது பழுதன்று. ரெயில்டெல் நிறுவனம் 2016 சனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய இச்சேவையில், கைப்பேசி எண்ணைக் கொடுத்து, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை உள்ளிட்ட பிறகே இணையம் கிடைக்கும். அதுவரை பயனர் எந்தத் தளத்தைக் கேட்டாலும், வலையமைப்பு அதை மறித்து உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட முயலும்.

எச்டிடிபிஎஸ் தளங்களில் இந்தத் திருப்பம் நடக்காது. அவை மறையாக்கம் செய்யப்பட்டவை. இடையில் புகுந்து வேறு பக்கத்தைக் காட்டினால் உலாவி கண்டுபிடித்துவிடும். அதனால்தான் வங்கித் தளத்தைத் திறந்தால் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது. அந்த எச்சரிக்கையை ஒருபோதும் மீறிச் செல்லக் கூடாது. அறிவிப்புப் பட்டியில் தோன்றும் உள்நுழைவு அறிவிப்பைத் தொடலாம். அது வராவிட்டால், எச்டிடிபி என்று மட்டும் தொடங்கும் மறையாக்கமற்ற முகவரி ஒன்றை உலாவியில் இடலாம்.

விபிஎன் செயலியும், ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பும் இதே திருப்பத்தைத் தடுக்கக்கூடியவை. உள்நுழையும்வரை அவற்றை நிறுத்திவைக்கலாம். மொபைல் டேட்டாவையும் அணைக்கலாம், ஓடிபி வருவதற்கு அது தேவையில்லை. (சிக்னல் மட்டும் வேண்டும்.)

நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பு பாதியில் நின்றால் இலவச நேரம் தீர்ந்திருக்கலாம். 2021 மார்ச்சில் கட்டணத் திட்டங்கள் வந்தபோது நாளொன்றுக்கு 30 நிமிடமே இலவசம் என்று வைக்கப்பட்டது. இலவச நேரத்துக்கே மின்னஞ்சல் கடவுச்சொல்லையோ ஏடிஎம் அட்டை எண்ணையோ கேட்கும் பக்கம், அதே பெயரில் யாரோ விரித்த போலி வலையமைப்பாக இருக்கக்கூடும்.