பிள்ளையின் கையில் அரிவாள் எப்போது?

சென்ற தை மாதத்தில் குன்னம் வட்டத்துக் கிராமம் ஒன்றில் கறவை மாட்டுக் கடன்களைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் வீட்டில் கடனில் வாங்கிய மாடு இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. காதில் வில்லை இருந்தது. காப்பீட்டுச் சீட்டு இருந்தது. பால் ஊற்றும் கணக்குப் புத்தகமும் ஒழுங்காக இருந்தது. நமது படிவத்தில் கண்ட கேள்விகள் அனைத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. புறப்படும் தறுவாயில் அவ்வீட்டுப் பையன் தலையில் புல்கட்டுடன் வந்து சேர்ந்தான். வயது 11. இடக்கை ஆட்காட்டி விரலில் பழந்துணி சுற்றியிருந்தது. துணியின் மேல் காப்பித் தூளின் கறை.

“அரிவாள் பட்டுடுச்சுங்க அய்யா. சின்னக் காயந்தான்” என்றார் தகப்பனார்.

“எத்தனை நாளாகப் புல் அறுக்கிறான்?” என்று கேட்டோம்.

“போன வருஷம் இவங்க அம்மா பருத்தி எடுக்கப் போக ஆரம்பிச்சதுலேர்ந்துங்க. கொட்டகை எரவாணத்துல செருகியிருந்த அரிவாளை ஒருநாள் இவனே எட்டி எடுத்தான். சரி, ஆளாயிட்டான்னு விட்டுட்டேன்.”

அவர் பிள்ளையிடம் அன்பில்லாதவர் அல்லர். ஆயினும் அவர் சொன்ன விடையில் இரண்டே காரணங்கள் இருந்தன. ஒன்று, வீட்டின் தேவை; மற்றொன்று, பையனின் உயரம். அரிவாளைக் கையாளும் பக்குவம் அவனுக்கு வந்துவிட்டதா என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. கடன் கொடுத்த சங்கம் கேட்கவில்லை. படிவத்தைக் கையில் வைத்திருந்த நாமும் அதுவரை கேட்டதில்லை. ஆகவே அக்கேள்வியை இங்கே அங்கத்தினர் யாவர் முன்பும் வைக்க விரும்புகிறோம்.

நமது பகுதியின் நிலைமையை நாம் அறிவோம். பெரம்பலூர்ப் பக்கத்தில் புரட்டாசி மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கிறோம். தை, மாசியில் கதிர் ஒடித்து, தட்டையை மாட்டுக்குச் சேர்த்து வைக்கிறோம். பருத்தி எடுப்பும் அதே காலத்தில் வந்து சேர்கிறது. பெரியவர்கள் காட்டில் இருக்கும்போது மாட்டுக்குத் தீனி வைக்கும் வேலை பிள்ளைகள் தலையில் விழுகிறது. அரியலூர்ப் பக்கத்தில் உடையார்பாளையம், வாரியங்காவல், இலையூர் முதலிய ஊர்களில் தறியை நம்பி வாழும் குடும்பங்கள் உள்ளன. அங்கே விழா நாள் நெருங்கினால் சேலையை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் பிள்ளைகளும் தறியண்டை அழைக்கப்படுகிறார்கள்.

பிள்ளைகள் வீட்டு வேலையில் கை கொடுப்பதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. மாட்டின் குணமும் மண்ணின் குணமும் அறியாமல் வளரும் பிள்ளை ஒரு செல்வத்தை இழந்தவனே. கற்றுக்கொள்வதற்காகச் செய்யும் வேலை வேறு. ஆள் இல்லாத குறைக்காகச் செய்யும் வேலை வேறு. முன்னதில் பிள்ளையின் பக்குவத்தைப் பார்த்து வேலை தரப்படுகிறது. பின்னதில் வேலையைப் பார்த்துப் பிள்ளை நிறுத்தப்படுகிறான். காயங்கள் பின்னதிலேதான் மிகுதியும் நேர்கின்றன.

புல் அறுப்பதில் காயம் படுவது பெரும்பாலும் அரிவாள் பிடித்த கையில் அன்று. புல்லைப் பிடித்த கையில்தான். பெரியவர் பிடிக்கும் அளவுக்குச் சிறுவனும் ஒரு பிடி புல்லைச் சேர்க்க முயலும்போது விரல்கள் முழுவதும் மடங்குவதில்லை. வெளியே நீண்டிருக்கும் ஆட்காட்டி விரலும் சுண்டு விரலும் அரிவாளின் வழியில் நிற்கின்றன. அரிவாள் மழுங்கியிருந்தாலோ அபாயம் குறைவதில்லை, அதிகமாகிறது. அறுபடாத தாளை வெடுக்கென்று இழுக்கும்போது அரிவாள் வழுக்கிக் கைக்கு வருகிறது. கருக்கரிவாளின் பல் பெரும்பாலும் வலக்கைக்காரருக்கென்றே வெட்டப்படுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு அந்த அரிவாள் முதல் நாளே பகையாகிறது.

அப்படியானால் பக்குவத்தை எவ்வாறு அறிவது? நமது அனுபவத்தில் நான்கு அடையாளங்களைச் சொல்லலாம்.

முதலாவது, கருவி கைக்குப் பொருந்த வேண்டும். அரிவாளின் பிடியைச் சுற்றிப் பிள்ளையின் விரல்கள் மடங்கி, கட்டை விரலைத் தொட வேண்டும். கால் மணி நேரம் வேலை செய்தபின்பும் கை நடுங்கக் கூடாது.

இரண்டாவது, செய்யும் முறையைப் பிள்ளை தன் வாயால் வரிசையாகச் சொல்ல வேண்டும். எங்கே நிற்பது, எவ்வளவு பிடிப்பது, எந்தப் பக்கம் இழுப்பது, அருகில் ஆள் வந்தால் என்ன செய்வது, வேலை முடிந்தால் அரிவாளை எங்கே வைப்பது என்று கேட்டுப் பாருங்கள். “தெரியும்” என்று தலையாட்டுவது விடை ஆகாது.

மூன்றாவது, கவனம் நிலைக்க வேண்டும். வரப்பில் நண்பன் கூப்பிட்டதும் அரிவாளுடனே திரும்பி ஓடுகிற பிள்ளை இன்னும் ஓராண்டு காத்திருக்கலாம்.

நான்காவதுதான் மற்றெல்லாவற்றிலும் முக்கியமானது. “என்னால் முடியவில்லை” என்று சொல்லிக் கருவியைக் கீழே வைக்கப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். களைப்பு வந்தபோதும், இருட்டு வந்தபோதும், புல்லுக்குள் ஏதோ அசைந்தபோதும் நிறுத்தத் தெரிந்த பிள்ளையிடமே கருவியை நம்பிக் கொடுக்கலாம். இத்துணிவு பிள்ளைக்குத் தானாக வருவதன்று. பாதிக் கட்டுடன் திரும்பி வந்தவனைத் திட்டாத வீட்டில்தான் அது வளரும்.

இவை நான்கும் ஒரே நாளில் கூடி வருவன அல்ல. படிப்படியாகவே பழக்க வேண்டும். முதலில் அறுத்த புல்லை அள்ளிக் கட்டப் பழக்கலாம். பின்னர் கையால் களை பறிக்கவும், புல்லுக்கும் பயிருக்கும் வேற்றுமை காணவும் பழக்கலாம். அதன்பின் தந்தையோ தாயோ பக்கத்தில் நிற்க, பகல் வெளிச்சத்தில், சமதரையில், சிறு சிறு பிடியாக அறுக்கச் சொல்லலாம். 14 வயது நிரம்பாத பிள்ளையை அரிவாளுடன் தனியே அனுப்புதல் கூடாது என்பது நமது உறுதியான அபிப்பிராயம். மழைக் காலத்து வரப்புகளில் பாம்பு உண்டு. கிணற்று ஓரங்கள் வழுக்கும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இராது.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் வீட்டு முற்றத்துப் புல்லை இயந்திரத்தால் வெட்டுவது பிள்ளைகளின் வழக்கமான வேலை. அந்நாட்டுக் குழந்தை நல மருத்துவர் கழகம், தள்ளிச் செல்லும் புல்வெட்டியைத் தொட 12 வயதும், ஏறி ஓட்டும் புல்வெட்டிக்கு 16 வயதும் ஆக வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. 1999-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் பண்ணைப் பிள்ளைகளின் வேலைகளுக்கென்றே வழிகாட்டி நெறிகள் வெளியிடப்பட்டன. அவையும் வயதை மட்டும் பார்ப்பதில்லை. உடல் வலிமை, எட்டும் தூரம், சொன்னதை நினைவில் வைத்தல், ஆபத்தை அறிந்து நடத்தல் ஆகியவற்றை வேலைதோறும் சோதிக்கச் சொல்கின்றன. வயது என்பது கீழ் எல்லையே. அதுவே தகுதிச் சான்று ஆகாது.

அரிவாளுக்குச் சொன்ன படிமுறை இயந்திரத்துக்குப் பொருந்தாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தட்டை நறுக்கும் இயந்திரம் இப்போது பல கொட்டகைகளில் வந்துவிட்டது. தட்டையை உள்ளே இழுக்கும் உருளை, அதனோடு வரும் கையையும் அதே வேகத்தில் இழுக்கும். “முடியவில்லை” என்று சொல்ல அது நேரம் தராது. தோளில் மாட்டிப் புல் வெட்டும் பெட்ரோல் இயந்திரமும் அத்தகையதே. சுழலும் தகடு தெறிக்கும் கல், தூரத்தில் நிற்கும் குழந்தையின் கண்ணைப் பறிக்கும். அது ஓடும்போது 50 அடிக்குள் வேறு யாரும் நிற்கலாகாது. இவ்விரண்டிலும் பழக்கிப் பார்க்கும் பேச்சே வேண்டாம். 18 வயதுக்கு முன் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம் செய்துவிடுங்கள்.

நாட்டின் சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாக உள்ளது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை அபாயகரமான தொழிலில் அமர்த்தலாகாது. குடும்பத்துக்குப் பிள்ளை உதவி செய்யலாம் என்ற விலக்கு உண்டு. ஆனால் 2017-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு வரம்பு கட்டியுள்ளன. பள்ளி நேரத்திலும், மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரையிலும் உதவி கூடாது. நாளொன்றுக்கு 3 மணிக்கு மேல் கூடாது. பெரியவர் செய்ய வேண்டிய வேலைக்கு மாற்றாகப் பிள்ளையை நிறுத்தவும் கூடாது. விடியற்காலை 5 மணிக்குப் புல்லுக்கு அனுப்பும் வழக்கம் இவ்விதிக்குப் புறம்பானது என்பதை அங்கத்தினர்கள் அறிய வேண்டும். கதிரடிக்கும் இயந்திரம், தட்டை நறுக்குதல், கைத்தறி, விசைத்தறி, முந்திரி உடைத்தல் ஆகிய நமது பகுதிக்குரிய வேலைகளும் இச்சட்டத்தின் அபாயப் பட்டியலில் இடம் பெற்றவை.

தறியைப் பார்ப்பவர்களுக்கு, “இங்கே அரிவாள் ஏது?” என்று தோன்றும். பட்டுச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நிறம் வைத்துக் கோர்வை நெய்ய, நெசவாளர் ஒருவர் போதாது. கரையின் நாடாவைத் தள்ள மறுபக்கம் ஒரு துணை வேண்டும். முற்காலத்தில் பல ஊர்களிலும் அத்துணை ஒரு சிறுபிள்ளையாகவே இருந்தது. பகலெல்லாம் தறிக்குழி ஓரம் குனிந்து உட்கார்ந்த அப்பிள்ளைக்கு இரத்தம் வரவில்லை. முதுகும் கண்ணும் பள்ளிப்படிப்பும் போயின. அதுவும் காயமே. கால் மிதியை எட்டிவிட்டது என்பது தறியில் உட்காரும் தகுதி ஆகாது. எரவாணத்தை எட்டியது அரிவாளுக்குத் தகுதி ஆகாதது போலவே.

இத்தனைக்குப் பின்னும் காயம் நேர்ந்தால் என்ன செய்வது? காப்பித் தூள், சுண்ணாம்பு, மண் எதையும் அப்பாதீர்கள். ஓடும் சுத்த நீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய இரண ஜன்னித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். விரல் துண்டானால் அதை ஈரத் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டியில் நேரே போட்டால் விரல் கெட்டுவிடும். 108-க்கு உடனே சொல்லி அனுப்புங்கள்.

சங்கங்கள் செய்யக் கூடியவையும் உண்டு. மாட்டுக் கடன் மனு வரும்போது, தீனி சேர்ப்பவர் யார் என்ற ஒரு கேள்வியை வாய்மொழியாகவேனும் கேட்கலாம். ஆள் பலம் இல்லாத வீட்டுக்கு இரண்டு மாட்டுக்குப் பதில் ஒரு மாடு போதும் என்று எடுத்துச் சொல்லலாம். தட்டை நறுக்கும் இயந்திரத்துக்குக் கடன் தருமுன், தகட்டுக்கு மூடி இருக்கிறதா என்று பார்க்கலாம். பேரவைக் கூட்டத்தில் இலாபப் பங்கீட்டோடு இதற்கும் கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

பங்குனியில் அதே வீட்டுக்கு மறுபடி சென்றோம். பையனின் விரல் ஆறிவிட்டது. நகம் மட்டும் கோணலாக வளர்ந்திருந்தது. மாடு ஒன்றை விற்றுக் கடனில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தார் தகப்பனார். மற்றொரு மாட்டுக்குத் தாமே காலையில் புல் அறுக்கிறார். வருமானம் குறைந்ததை அவர் மறைக்கவில்லை. நாமும் அது சிறிய விஷயம் என்று சொல்லவில்லை. கொட்டகை எரவாணத்தில் அரிவாளைக் காணோம். கேட்டதற்கு, “பெட்டியில பூட்டி வெச்சிருக்கேங்க. அவன் பக்கத்துல நான் நிக்கற அன்னிக்குத்தான் எடுப்பேன்” என்றார்.

பையன் திண்ணையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். நமது குறிப்புப் புத்தகத்தில் படிவத்தின் கேள்விகளுக்குக் கீழே ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டோம்: “புல் அறுப்பவர்: தகப்பனார்.” இனிச் செல்லும் ஊர்களிலெல்லாம் அந்த வரியை நிரப்பாமல் திரும்புவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.