பைஸ் ஓட்டலில் ஒரு மதிய உணவு

கொல்கத்தாவாழ் தமிழர்களாகிய நாம் தோசைக்கும் காப்பிக்கும் லேக் மார்க்கெட்டை நாடுவது வழக்கம். எனினும் இந்நகரின் இயல்பை அறிய விரும்புவோர் ஒருமுறையேனும் 'பைஸ் ஓட்டல்' எனப்படும் எளிய உணவகத்தில் அமர்ந்து உண்ண வேண்டும். ரூபாய்க்கு 64 பைசா வழங்கிய நாளில், சில பைசாவுக்கே வயிறார உணவளித்ததால் அமைந்த பெயர் இது. 1957-இல் தசம நாணயம் வந்தது. பழைய பைசா மறைந்தது. பெயர் மட்டும் நிலைத்தது.

கல்லூரிச் சாலையையொட்டிய பவானி தத்தா சந்தில் உள்ள சுவாதீன் பாரத் இந்து ஓட்டல் இவ்வகையில் புகழ்பெற்றது. அன்றைய உணவும் விலையும் கரும்பலகையில் எழுதப்படும். சோறு, பருப்பு, மீன் குழம்பு ஒவ்வொன்றுக்கும் தனி விலை. இத்தகைய உணவகங்களில் வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக் கணக்கு உண்டு.

முழுச் சாப்பாட்டிற்கு ஒரே விலை கொடுத்துப் பழகிய நமக்கு இது கடுங்கணக்காகத் தோன்றலாம். ஆயினும் உண்ணாத பண்டத்திற்கு இங்கே எவரும் பணம் தருவதில்லை. சோறும் பருப்பும் மட்டும் கேட்கும் மாணவரும், விலைமிகுந்த இலிஷ் மீன் கேட்கும் வணிகரும் ஒரே மேசையில் அமர்கின்றனர். மீன் விலையும் கூலியும் ஏறிவரும் இந்நாளில், அந்த மாணவருக்கு எட்டும் விலையில் சோறிடுவது எளிதன்று. வாடிக்கையாளர் வருகையே இவ்வுணவகங்களின் முதலீடு. அடுத்த விடுமுறை நாளில் குடும்பத்துடன் சென்று வாருங்கள்.