வண்டிக்கு என்ன ஆயில்? எவ்வளவு இருக்கு?



இந்த இதழுக்குக் கோலம் இல்லாட்டி சமையல் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு அதை விட இன்ஜின் ஆயில் பற்றித்தான் நல்லாத் தெரியும். எங்கப்பா திருக்காட்டுப்பள்ளியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். தஞ்சாவூர், திருவையாறு, கல்லணை என்று வண்டி ஓடினால்தான் எங்க வீட்டில் அடுப்பு எரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயில் பார்ப்பது என் வேலை. உங்களில் நிறைய பேர் வீட்டில் கார், டிராக்டர், லோடு வண்டி இருக்கு. பார்க்கும் முறை எல்லாத்துக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

இன்ஜினுக்குள் இரும்புப் பாகங்கள் நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று சுற்றுகின்றன. நடுவில் மெல்லிசா ஒரு ஆயில் படலம் இருப்பதால்தான் ஒன்றை ஒன்று தேய்க்காமல் ஓடுகின்றன. சூட்டை இறக்குவதும், கரியைக் கழுவி எடுத்து வருவதும்கூட அதே ஆயில்தான்.

வண்டி சமமான தரையில் நிற்கணும். எங்க வாசல் சரிவு, அதனால் கோயில் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவோம். இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிஷம் விடணும், மேலே இருக்கும் ஆயில் எல்லாம் அடியில் இறங்கட்டும். பானட்டைத் திறந்தால் மஞ்சள் வளையம் போட்ட ஒரு கம்பி தெரியும் (சில வண்டியில் வேறு நிறம்). அதுதான் டிப்ஸ்டிக். உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, திரும்ப முழுசா உள்ளே விட்டு, மறுபடி உருவணும். முதல் தடவை உருவும்போது தெரியும் அளவை நம்பாதீங்க, கம்பி முழுக்க ஆயில் அப்பியிருக்கும். இரண்டாம் தடவை மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் ஆயில் நின்றால் சரி. பல சின்ன கார்களில் அந்த இரண்டு கோட்டுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு லிட்டர். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. கிராங்க் சாஃப்ட் ஆயிலில் அடித்து நுரை கிளப்பிடும், நுரை படலமாக நிற்காது.

"அதான் டேஷ்போர்டில் விளக்கு எரியுமே, கம்பி எதுக்கு?" என்று கேட்பீங்க. அந்த அலாவுதீன் விளக்குப் படம் பெரும்பாலான வண்டியில் ஆயில் எவ்வளவு இருக்கு என்று காட்டாது. ஆயில் அழுத்தம் போச்சு என்றுதான் காட்டும். சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தணும். எங்க சித்தப்பா பந்தல் சாமான் ஏற்றி வரும்போது விளக்கு எரிந்தது. வீடு நாலு கிலோமீட்டர்தானே, போயிடலாம் என்று வந்தார். பேரிங் தேய்ந்து இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு. இரண்டு மாதம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. சித்தியின் சங்கிலி அடகுக்குப் போனது, இன்னும் வரவில்லை.

நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நாளிலேயே கறுத்திடும். ஆயிலில் கலந்திருக்கும் மருந்து கரியைப் படியவிடாமல் தன்னோடு வைத்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. ஆனால் பால் விட்ட காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணி சேர்ந்திருக்கு. ஊற்றாமலே அளவு ஏறினால் டீசலோ தண்ணியோ கலந்திருக்கலாம். இரண்டுக்குமே மெக்கானிக்கிடம் போகணும்.

இப்போ எந்த ஆயில் வாங்குவது? கடையில், "கெட்டியா போடுங்க, இன்ஜினுக்கு நல்லது" என்பார்கள். அது எல்லா வண்டிக்கும் சரியில்லை. டின்னில் 5 டபிள்யூ-30, 15 டபிள்யூ-40, 20 டபிள்யூ-40 என்று இருக்கும். டபிள்யூ என்றால் 'விண்டர்', குளிர்காலம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையுது இல்லையா, அந்த மாதிரி குளிரில் ஆயில் எவ்வளவு கெட்டியாகும் என்பதற்கு முதல் எண். 5 டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 20 டபிள்யூவை மைனஸ் 15-லும் சோதிப்பார்கள். அந்தக் குளிர் நம்ம ஊருக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. ஆனாலும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் சின்ன எண் ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். பின்னால் இருக்கும் 30, 40 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டி. புது இன்ஜின்களில் இடைவெளி ரொம்பக் குறைவு, மெல்லிசான ஆயிலுக்கென்றே செய்திருக்கிறார்கள். சில பெட்ரோல் கார்களுக்கு 0 டபிள்யூ-20 கூட உண்டு.

ஏ.பி.ஐ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, சி என்றால் டீசலுக்கு. அடுத்த எழுத்து வரிசையில் தள்ளிப் போகப்போக புதுசு. எஸ்.என் 2010-ல் வந்தது, எஸ்.பி 2020-ல். டீசலில் சி.ஐ-4 2002, சி.கே-4 2016. ஏப்ரல் 2020-லிருந்து வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களில் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கு. சாம்பல் அதிகம் விடும் ஆயில் அதை அடைத்திடும். அதனால் கடைக்காரரைக் கேட்பதற்கு முன்னாடி வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்க. எங்கப்பா பத்திரமா வைத்திருக்கிறார், ரேஷன் கார்டு பக்கத்தில்.

வடித்த பழைய ஆயிலைச் சிலர் கரையானுக்கு வேலிக்காலில் பூசுகிறார்கள், கொசுவுக்கென்று பள்ளத்தில் ஊற்றுகிறார்கள். மழை பெய்தால் அது வாய்க்காலில் இறங்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் ஆற்றுக்கும் போகும். 2016 விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. அங்கீகாரம் பெற்றவர்கள் வாங்கிச் சுத்தம் செய்து திரும்ப ஆயிலாக்குகிறார்கள். நாங்கள் கேனில் பிடித்து வைத்து, அப்படிக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்க்கிறோம். குடமுருட்டியில் குளிப்பது நாமதானே.

உங்களுக்கு ஒரு கேள்வி: டின்னில் டபிள்யூ எழுத்தே இல்லாமல் வெறும் 40 என்று போட்டிருந்தால் அது என்ன ஆயில்? உங்க வீட்டில் எந்த இன்ஜினுக்கு ஊற்றுகிறார்கள்? கேட்டு எழுதிக் கொடுங்க, விடை அடுத்த இதழில்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி